ராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறீர்களா? தாய் நாயைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்

நான்கு வருடங்களுக்கு முன்பு மதுரைக்கு வெளியே நான்கு வழிச் சாலையோரம், ஒரு டீக்கடை முன்னால் நின்று ராஜபாளையம் குட்டி ஒன்றை வாங்கினேன். அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். விலை 9,000 ரூபாய். "நாற்பத்தஞ்சு நாள் குட்டி சார், ஒரு ஊசி போட்டாச்சு" என்றார் கொண்டுவந்தவர். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. என் மகள் அதை மடியில் வைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

ஐந்தாம் நாள் காலை அது சாப்பிடவில்லை. மதியம் வாந்தி எடுத்தது. இரவு ரத்தமாகப் பேதி போனது. குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் என்றார் கால்நடை மருத்துவர். வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு, "இதுக்கு முப்பத்தஞ்சு நாள்கூட ஆகியிருக்காதே" என்றார். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினோம். பிழைக்கவில்லை. விற்றவரின் எண் அதற்குள் ஸ்விட்ச் ஆஃப்.

அடுத்த குட்டியை வாங்க ஏழு மாதம் எடுத்துக்கொண்டேன். பதினொரு பேரிடம் போனில் பேசினேன், நான்கு இடங்களுக்கு நேரில் போனேன், ஒருவரிடம் வாங்கினேன். அந்த நாய்க்கு இப்போது மூன்று வயது. அந்த ஏழு மாதத்தில் கற்றுக்கொண்டதை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ராஜபாளையத்தை வைத்துத்தான் சொல்கிறேன் என்றாலும் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை வாங்குபவர்களுக்கும் ஏறக்குறைய இதே வழிதான். லேப்ரடார் மாதிரி வெளிநாட்டு இனம் வாங்குபவர்கள் தடுப்பூசி, காகிதங்கள் பற்றிய பகுதிகளையாவது படித்துவிட்டுப் போங்கள்.

1. இந்த நாய் உங்கள் வீட்டுக்கு ஆகுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ராஜபாளையம் பெரிய நாய். வளர்ந்தால் தோள் உயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை வரும். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனம் என்பதால் ஓட இடம் வேண்டும். வீட்டு ஆட்களிடம் உயிராக இருக்கும், வெளியாட்களை எளிதில் சேர்க்காது. தினமும் புது ஆட்கள் வந்து போகும் வீடு என்றால் சிறு வயதிலிருந்தே பழக்க வேண்டும். இரண்டு அறை அடுக்குமாடி வீட்டில், பகல் முழுவதும் ஆளில்லாமல் கட்டிப்போட்டு வளர்க்க நினைப்பவர்கள் தயவுசெய்து வாங்க வேண்டாம். சிப்பிப்பாறையும் கன்னியும் பார்வையால் துரத்தும் வேட்டை நாய்கள். பக்கத்தில் ஆடு கோழி இருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு என் வீட்டில் மாதம் 4,000 முதல் 5,000 ரூபாய் ஆகிறது. கறிக்கடையில் வாங்கிச் சோற்றோடு வேகவைத்துக் கொடுக்கிறோம். பன்னிரண்டு, பதின்மூன்று வருடத்துக்கு இந்தச் செலவு இருக்கும் என்று வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரிடமும் பேசிவிட்டு ஆரம்பியுங்கள்.

2. எங்கே தேடுவது

நான் முதல் தடவை தேடியது விளம்பரங்களில். அங்கே இருப்பவர்களில் பலர் தரகர்கள். நான்கைந்து வீடுகளிலிருந்து குட்டிகளை வாங்கி ஒரே இடத்தில் போட்டு விற்கிறார்கள். ஒரு குட்டிக்கு நோய் இருந்தால் போதும், எல்லாவற்றுக்கும் தொற்றிவிடும். "என்ன இனம் வேணும் சொல்லுங்க, எல்லாம் இருக்கு" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடலாம். ஒழுங்காக நாய் வளர்ப்பவரிடம் ஒன்று அல்லது இரண்டு இனம்தான் இருக்கும். வருடம் முழுவதும் குட்டி இருக்காது. காத்திருக்கச் சொல்வார்.

இரண்டாம் தடவை எனக்கு உதவிய வழிகள் இவை. முதலாவது, கால்நடை மருத்துவர்கள். யார் வீட்டுக் குட்டி நோயோடு வருகிறது, யார் குட்டிகளை நேரத்துக்கு ஊசிக்குக் கொண்டுவருகிறார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். விருதுநகர் மாவட்டப் பக்கம் இருக்கும் மருத்துவர்களிடம் கேட்டால் இரண்டு மூன்று பேரையாவது சொல்வார்கள். என் நாய் அப்படிக் கிடைத்ததுதான்.

இரண்டாவது, நாய்க் கண்காட்சிகள். நாய்களின் வம்சத்தைப் பதிவு செய்யும் இந்திய கென்னல் கிளப்போடு இணைந்த சங்கங்கள் ஊர் ஊராக நடத்துகின்றன. ஊட்டியில் மே மாதம் நடப்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே குட்டி வாங்கப் போகாதீர்கள், வளர்ந்த நாய்களைப் பார்க்கப் போங்கள். பிடித்த நாயின் உரிமையாளரிடம் போய் "இது யாரிடம் வாங்கியது, இப்போது அவரிடம் பேச்சு வார்த்தை உண்டா?" என்று கேளுங்கள். வாங்கி இரண்டு வருடம் கழித்தும் ஒருவர் தன் வளர்ப்பாளரைப் பற்றி நல்லபடியாகப் பேசினால் அதைவிடப் பெரிய சிபாரிசு கிடையாது.

  

3. போனில் என்ன கேட்பது

விலையை முதலில் கேட்காதீர்கள். கேட்டால் பேச்சு முழுவதும் பேரத்திலேயே ஓடிவிடும்.

"எந்தத் தேதியில் இணை சேர்த்தீர்கள்?" என்று பேச்சின் தொடக்கத்தில் கேளுங்கள். வேறு பல விஷயங்கள் பேசிவிட்டுக் கடைசியில், "குட்டி என்னைக்குப் போட்டது?" என்று கேளுங்கள். நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். நான்கைந்து நாள் முன்பின் இருக்கலாம். சொந்தமாக வளர்ப்பவர் இரண்டு தேதியையும் நோட்டில் குறித்து வைத்திருப்பார். தரகருக்கு முதல் தேதியே தெரியாது. நான் பேசிய பதினொரு பேரில் ஆறு பேர் இந்த இடத்திலேயே தடுமாறினார்கள்.

அப்புறம் கேட்க வேண்டியவை: தாய்க்கு என்ன வயது? இது எத்தனையாவது ஈத்து? இதற்கு முந்தின ஈத்து எப்போது? தகப்பன் நாய் யாருடையது? மொத்தம் எத்தனை குட்டி, எத்தனை இறந்தது? கடைசிக் கேள்விக்கு "எல்லாமே சூப்பரா இருக்கு சார்" என்பவரைவிட, "ஒன்பது போட்டது, ரெண்டு போயிடுச்சு" என்று சொல்பவரை நான் நம்பினேன்.

அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். நான் வாங்கியவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், முதல் போனிலேயே என்னைக் குடைந்து எடுத்துவிட்டார். "தம்பி, வீட்டுல சுற்றுச்சுவர் இருக்கா? பகல்ல யாரு இருப்பா? இதுக்கு முன்னாடி நாய் வளர்த்திருக்கீங்களா? அது என்னாச்சு?" முதல் குட்டி இறந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, எந்த இடத்தில் கட்டியிருந்தேன், வீட்டைக் கழுவினேனா என்று அடுத்தடுத்துக் கேட்டார். இப்படிக் கேட்பவரிடம் எரிச்சல்படாதீர்கள். தன் குட்டி எங்கே போகிறது என்று கவலைப்படுகிறவர் அவர்.

பொறி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "இன்னொருத்தர் சாயங்காலம் வர்றார், இப்பவே ரெண்டாயிரம் போட்டுட்டீங்கன்னா எடுத்து வைக்கிறேன்." தாயைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். குட்டியின் வீடியோ எல்லோரிடமும் சுற்றுகிறது. ஒரே வீடியோவை மூன்று வெவ்வேறு ஊர்க்காரர்கள் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

4. விதிகளைத் தெரிந்துகொண்டு போங்கள்

நாய் வளர்த்து விற்பவர்களுக்கென்று மத்திய அரசு 2017-இல் விதிகள் கொண்டுவந்தது. நமக்குத் தேவையானவை:

- மாநில விலங்குகள் நல வாரியத்தில் வளர்ப்பாளர் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இரண்டு வருடத்துக்குச் செல்லும்.
- எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்பதற்கு முன் மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள எண் சில்லு) போட வேண்டும்.
- 18 மாதம் ஆகாத பெட்டை நாயை இணை சேர்க்கக் கூடாது. எட்டு வயதுக்கு மேலும் கூடாது.
- வருடத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது.
- உடன்பிறந்த நாய்களையோ தாய்-மகன், தகப்பன்-மகளையோ இணை சேர்க்கக் கூடாது.

பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், தேதியைப் பாருங்கள். கிராமங்களில் நன்றாக வளர்க்கும் சிலரிடமும் பதிவு இருப்பதில்லை என்பது உண்மை. அப்படி ஒருவரையும் பார்த்தேன், நாய்கள் அருமையாக இருந்தன. "இதெல்லாம் யாரு தம்பி கேக்குறா" என்றார். நாம் கேட்காததால்தான் அவர் செய்யவில்லை. நான் பதிவுள்ள இடத்தில்தான் வாங்கினேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எட்டு வாரக் கணக்கைத்தான் நம் ஊரில் அதிகம் மீறுகிறார்கள். "சின்னதுலயே எடுத்தாத்தான் நம்மகிட்ட ஒட்டும்" என்று முப்பது, முப்பத்தைந்து நாளில் கொடுத்துவிடுகிறார்கள். எட்டு வாரத்தில் வந்த என் நாய் மூன்று வருடமாக என் காலைச் சுற்றித்தான் படுத்திருக்கிறது. கடைசி அந்த மூன்று வாரம் தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருந்தால்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டி பழகிக்கொள்ளும். சீக்கிரம் பிரித்துவிட்டால், முதல் ஊசிகூடப் போடாமல் புது வீடு, புது சாப்பாடு, பயணம் எல்லாம் ஒரே நாளில் அதன் மேல் விழுகிறது.

5. நேரில் பார்க்கப் போகும் நாள்

ஒரே நாளில் இரண்டு இடங்களுக்குப் போகாதீர்கள். பார்வோ வைரஸ் செருப்பிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். ஒரு வீட்டின் நோயை நீங்களே இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவீர்கள். நல்ல வளர்ப்பாளர் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்வார், கை கழுவச் சொல்வார்.

போனதும் குட்டியைக் கையில் எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால் மனசு இறங்கிவிடும், அப்புறம் எதுவும் கண்ணில் படாது. முதலில் தாயைப் பாருங்கள்.

தாய் குட்டிகளோடு இருக்கிறதா? பால் கொடுத்த மடி தொங்கித் தெரியும். குட்டிகளை அருகில் விட்டால் நேராக அதனிடம் ஓட வேண்டும். எனக்கு ஓரிடத்தில் ஒரு நாயைத் தாய் என்று காட்டினார்கள். மடி வற்றி வயிற்றோடு ஒட்டியிருந்தது, குட்டிகள் அதைக் கண்டு ஒதுங்கின. "தாய் தோட்டத்துல இருக்கு", "தாய் சீறும், பக்கத்துல போக முடியாது" என்ற பதில்களும் வரும். குட்டி போட்ட நாய் வெளியாளைப் பார்த்து உறுமுவது இயல்புதான். ஆனால் வளர்ப்பவர் பக்கத்தில் நின்று தடவிக் கொடுத்தால் அது அடங்க வேண்டும். அவரையே பார்த்துப் பதுங்கும் தாய் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

தகப்பன் நாய் அங்கே இல்லாமல் இருக்கலாம், அதில் தப்பில்லை. வேறு ஊர் நாயோடு சேர்ப்பது ரத்தக் கலப்புக்கு நல்லதும்கூட. அதன் உரிமையாளர் எண்ணை வாங்கிப் பேசிப் பாருங்கள். தாயும் தகப்பனும் ஒரே வீட்டில் இருந்தால் இரண்டுக்கும் என்ன உறவு என்று நேராகவே கேளுங்கள். ராஜபாளையத்தில் நல்ல நாய்கள் குறைவு என்பதால் நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துவிடும் ஆபத்து அதிகம்.

படுக்கும் இடம் காய்ந்திருக்கிறதா, தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய இடமாக இருந்தாலும் பரவாயில்லை, ஈரமும் நாற்றமும் இருக்கக் கூடாது. வயதான நாய்கள் எங்கே என்று கேளுங்கள். நான் வாங்கிய வீட்டில் குட்டி போடுவதை நிறுத்திய பதினோரு வயதுக் கிழட்டு நாய் ஒன்று திண்ணையில் படுத்திருந்தது. முதலில் அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

6. இப்போது குட்டியைக் கையில் எடுங்கள்

*காது கேட்கிறதா.* ராஜபாளையத்தில் இதை விடவே கூடாது. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் செல்கள் உள்காதும் சரியாக இயங்கத் தேவை. முழு வெள்ளை நாய்களில் அவை அங்கேயும் இல்லாமல் போகலாம். அப்படிப்பட்ட குட்டிக்குப் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். கூட்டமாக இருக்கும்போது சோதித்தால் தெரியாது. மற்ற குட்டிகள் திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பும். தனியாக எடுத்து வையுங்கள். அது வேறு எங்கோ பார்க்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும். முகத்தில் காற்றுப் படும்படி கையும் தட்டாதீர்கள். இரண்டு மூன்று விதமான சத்தத்தில் ஐந்து நிமிட இடைவெளி விட்டுச் சோதியுங்கள். மற்றவை எழுந்தபிறகும் தூங்கிக்கொண்டே இருக்கும் குட்டியைத் தனியாகக் கவனியுங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதை மருத்துவக் கருவியால்தான் கண்டுபிடிக்க முடியும். தாய் தகப்பனுக்கும் காது கேட்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

*பல்.* எட்டு வாரக் குட்டிக்கு 28 பால் பற்களும் வந்திருக்க வேண்டும், அல்லது கடைசி ஒன்றிரண்டு முளைத்துக்கொண்டிருக்க வேண்டும். முன்பற்களே அரைகுறையாக இருந்தால் அவர் சொல்லும் நாள் கணக்கு பொய்.

*தோல்.* டெமோடெக்ஸ் என்ற பூச்சியால் வரும் சொறி இந்த இனத்தில் அடிக்கடி பார்க்கப்படுவது. கண்ணைச் சுற்றி, வாயோரம், முன்னங்காலில் முடி கொட்டிய வட்டங்கள் இருக்கிறதா என்று குட்டியிலும் தாயிலும் பாருங்கள். "வெயில்ல அப்படி ஆயிடுச்சு" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். இந்த நோய்க்கு வம்சவழித் தன்மை உண்டு, வந்த நாயை இணை சேர்த்திருக்கவே கூடாது.

*மற்றவை.* ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடித்திருக்கிறது. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருந்தால் குடற்புழு. தொப்புளில் கோலிக்குண்டு மாதிரி வீக்கம் இருந்தால் குடலிறக்கமாக இருக்கலாம். ஆண் குட்டிக்கு இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண் என்பதுதான் ராஜபாளையத்துக்குச் சொல்லப்படும் லட்சணம். வெள்ளையாக இருப்பதெல்லாம் ராஜபாளையம் இல்லை. உருவம் பெரிதாக வர வேண்டும் என்று கிரேட் டேன் மாதிரி இனங்களோடு கலந்தும் விற்கிறார்கள். கனத்த தலை, தொங்கிய உதடு, இந்த வயதிலேயே பருத்த கால் எலும்பு இருந்தால் தாயை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

7. காகிதங்கள்

தடுப்பூசி அட்டைதான் முதலாவது. எனக்கு முதல் குட்டியோடு கிடைத்த அட்டையில் பேனாவால் ஒரு தேதி மட்டும் எழுதியிருந்தது. அது செல்லாது. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அதில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்கும். பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண்ணோடு முத்திரை. அந்த மருத்துவமனைக்குப் போன் செய்து, "இன்ன தேதியில் இன்னாருடைய குட்டிகளுக்கு ஊசி போட்டீர்களா?" என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

எட்டு வாரக் குட்டிக்கு டிஸ்டெம்பர் (நாய்களுக்கு வரும் இன்னொரு வைரஸ் நோய்), பார்வோ இரண்டுக்குமான முதல் ஊசி முடிந்திருக்க வேண்டும். ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் அதைப் போடுவார்கள். குடற்புழு மருந்து இரண்டு வார வயதிலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படுவது. அந்தத் தேதிகளும் அட்டையில் வேண்டும்.

அடுத்தது மைக்ரோசிப். 15 இலக்க எண். அட்டையில் எழுதியிருந்தால் போதாது, கருவியை வைத்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவரிடம் கருவி இல்லையென்றால் உங்கள் மருத்துவரிடம் வாசித்துச் சரிபாருங்கள்.

அப்புறம் கே.சி.ஐ. சான்றிதழ், அதாவது இந்திய கென்னல் கிளப்பின் பதிவு. ஊரில் "பேப்பர்" என்று சொல்வது இதைத்தான். "பேப்பரோட பதினெட்டு, பேப்பர் இல்லாம பத்து" என்று விலை சொல்வார்கள். அதில் நாயின் பதிவு எண், சிப் எண், பிறந்த தேதி, மூன்று தலைமுறை முன்னோர் இருப்பார்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் பதிவு இருந்தால்தான் குட்டிகளைப் பதிய முடியும், வளர்ப்பாளர்தான் பதிய வேண்டும். ஆகவே "நீங்களே அப்புறம் பேப்பர் போட்டுக்கலாம்" என்றால் நம்பாதீர்கள். வாங்கும் அன்று சான்றிதழ் வந்திருக்காமல் இருக்கலாம். அப்படியென்றால் தாய் தகப்பன் சான்றிதழ்களின் நகலும், குட்டிகளைப் பதிய விண்ணப்பித்ததற்கான அத்தாட்சியும் கேளுங்கள். உங்கள் பெயருக்கு மாற்ற அவருடைய கையெழுத்து வேண்டும் என்பதால் அந்தப் படிவத்தில் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே சான்றிதழைக் காட்டி இரண்டு குட்டி விற்றவர்கள் உண்டு. சிப் எண்ணும் சான்றிதழ் எண்ணும் ஒன்றா என்று ஒத்துப் பார்த்தால் அது வெளிப்பட்டுவிடும்.

இந்தச் சான்றிதழ் வம்சத்தைத்தான் சொல்லும். குட்டிக்குக் காது கேட்கிறதா, தோல் சுத்தமா, தாய்க்கு வயிறார சோறு போட்டார்களா என்பதெல்லாம் அதில் வராது. எனக்கு நேரில் பார்த்தது முக்கால் பங்கு, காகிதம் கால் பங்கு.

8. பணம்

என் குட்டிக்கு 14,000 ரூபாய் கொடுத்தேன். விசாரித்த இடங்களில் 7,000 முதல் 25,000 வரை சொன்னார்கள். மிகக் குறைந்த விலை சொன்னவர்களிடம் ஊசியும் சிப்பும் இல்லை. மிக அதிகம் சொன்னவர் தாயைக் காட்டவில்லை.

முன்பணம் 3,000 கொடுத்தேன், நேரில் தாயைப் பார்த்த பிறகு. பார்வையிட்ட அன்று குட்டிக்கு ஐந்து வாரம். மீதியை எட்டு வாரம் முடிந்து கூட்டிவந்த அன்று கொடுத்தேன். இரண்டையும் வங்கி வழியாக அனுப்பினேன். ரொக்கமாகக் கொடுத்தால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

குட்டி விலை போக முதல் மூன்று மாதத்தில் ஆனது: கார் வாடகை 3,500, மீதித் தடுப்பூசிகளும் மருத்துவர் கட்டணமும் 4,200, குடற்புழு மற்றும் உண்ணி மருந்து 1,600, தட்டு, கயிறு, படுக்கை 2,000, சாப்பாடு 7,000. ஆக 18,300. முதல் குட்டிக்கு மூன்று நாள் சிகிச்சைக்கு மட்டும் 11,000 ஆனதையும் சொல்லிவிடுகிறேன். கையில் பத்தாயிரமாவது அவசரத்துக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

9. எழுதி வாங்குங்கள்

ஒரு பக்கம் போதும். வளர்ப்பாளர் பெயர், முகவரி, வாரியப் பதிவு எண், குட்டியின் பிறந்த தேதி, பால், சிப் எண், கொடுத்த தொகை, இன்ன நாளுக்குள் மருத்துவர் பரிசோதித்துக் காது, தோல், இதயம் என்று பிறவிக் குறை அல்லது தொற்று கண்டால் பணம் திரும்பும் என்ற உறுதி. நான் ஏழு நாள் கேட்டேன், அவர் ஐந்து நாள் என்றார், ஒத்துக்கொண்டேன். பார்வோவுக்கு நோய் தெரிய மூன்று முதல் ஏழு நாள் ஆகும், சில சமயம் இன்னும் கூடும். ஆகவே உங்களால் முடிந்தால் பத்து நாள் கேளுங்கள்.

என் வளர்ப்பாளர் தானாகவே ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார்: என்ன காரணத்தாலோ நாயை வைத்துக்கொள்ள முடியாமல் போனால் வேறு யாருக்கும் விற்காமல் அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லும் வளர்ப்பாளர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

10. கூட்டிவரும் நாளும் அடுத்த சில வாரமும்

காலையிலேயே கிளம்புங்கள். ஏப்ரல், மே வெயிலில் நடுப்பகல் பயணம் வேண்டாம். பேருந்து நிலையத்திலோ சாலையோர நிறுத்தத்திலோ குட்டியைத் தரையில் இறக்காதீர்கள். தாயின் வாசம் படிந்த ஒரு துணித்துண்டு கேட்டு வாங்குங்கள், முதல் இரண்டு இரவு அதன் மேல்தான் படுத்துத் தூங்கும். அவர்கள் என்ன சாப்பாடு கொடுத்தார்களோ அதையே ஒரு வாரம் கொடுங்கள். என் வீட்டில் அது கேழ்வரகுக் கூழும் மோரும் கொஞ்சம் கறியும்.

இரண்டு நாளுக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவமனையிலும் தரையில் விடாதீர்கள், நோயோடு வந்த நாய்கள் நடந்த தரை அது. அடுத்த ஊசிகள் மூன்று, நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போகும். அதுவரை தெருவில் நடக்க விடக் கூடாது.

உங்கள் வீட்டில் இதற்கு முன் பார்வோவால் ஒரு குட்டி இறந்திருந்தால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். அந்த வைரஸ் வீட்டிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பினாயிலுக்கு அடங்காது. துணி வெளுக்கும் குளோரின் பிளீச்சை ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, கழுவிய தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். நான் தட்டு, கயிறு, படுக்கை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினேன். மண் தரையைக் கழுவ முடியாது என்பதால் புதுக் குட்டியைப் பதினாறு வாரம் வரை கொல்லைப் பக்கமே விடவில்லை. ஏழு மாதம் காத்திருந்ததில் அதுவும் ஒரு காரணம்.

மூன்று மாதம் முடிந்ததும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. அந்தச் சான்றிதழை வைத்துத்தான் மாநகராட்சி உரிமம் வாங்க முடியும். நாயின் படம், உங்கள் முகவரிச் சான்று, சிப் எண் ஆகியவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உரிமத்துக்கும் வெறிநாய்க்கடி ஊசிக்கும் வருடா வருடம் தேதி வரும். நான் இரண்டையும் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.